வரைபடத்தில் படிக்கட்டு எங்கே?

பாடியில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவார். ஒருநாள் செல்போனைக் காட்டி, "பஸ் எட்டு நிமிஷத்துல வருதாம் தம்பி. நான் அதுல ஏற முடியுமான்னுதான் போடல" என்றார். அதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தேன்.

வரைபடங்கள் நெடுங்காலம் சாலையைத்தான் காட்டின. நடைமேடை எவ்வளவு உயரம், படி உண்டா என்பது அவற்றில் கிடையாது. 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' தொடங்கினார். யார் வேண்டுமானாலும் விவரம் சேர்க்கலாம் என்பதுதான் அதன் சிறப்பு. அதை அடித்தளமாக வைத்து 2010இல் பெர்லினில் 'வீல்மேப்' வந்தது. அதைத் தொடங்கிய ராவுல் க்ரவுத்ஹவுசன் சக்கர நாற்காலியில் செல்பவர். நாற்காலி போகும் இடம் பச்சை, ஓரளவு போகும் இடம் மஞ்சள், போகாத இடம் சிவப்பு. யாரும் இன்னும் பார்த்துச் சொல்லாத இடம் சாம்பல். 2018இல் கூகுள் மேப்ஸ் லண்டன், நியூயார்க், டோக்கியோ உள்ளிட்ட ஆறு நகரங்களில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற பொதுப் போக்குவரத்து வழிகளைக் காட்டத் தொடங்கியது.

நம் நாட்டில் சட்டம் முன்பே வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தில் வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டமும் போக்குவரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி வேண்டும் என்கின்றன. சென்னையில் பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் 'சென்னை பஸ்' செயலி 2022இல் வந்தது. தாழ்தளப் பேருந்துகளுக்காக மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர்கள் உயர் நீதிமன்றம் வரை போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அந்தப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. சாதாரணப் பேருந்தின் தளம் சுமார் 900 மில்லிமீட்டர் உயரம்; இவற்றில் 400தான். சாய்தளமும் உண்டு. 2025இல் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியாக 'சென்னை ஒன்' வந்தது.

ஆனால் பேருந்து தாழ்ந்து நின்றாலும் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஓர் அடி உயரப் படி இருந்தால் பயணம் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஒரு படியை எந்தச் செயற்கைக்கோளும் அளந்து சொல்லாது. பக்கத்தில் போய்ப் பார்த்தவர்தான் எழுத வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு பாடி சிக்னல் பக்கம் போனோம். நான்கு இடங்களைக் குறித்தோம். மூன்று சிவப்பு, ஒன்று பச்சை. "சிவப்பா இருந்தாலும் பரவாயில்ல தம்பி, வீட்டிலேயே தெரிஞ்சிடுதே" என்றார் அண்ணன்.

உங்கள் ஊர் நிறுத்தம் என்ன நிறம்? ஒருமுறை போய்ப் பாருங்களேன்.