செனோட்டே: ஒரு சொல்லின் ஊற்றுக்கண்

மெக்சிகோவின் கான்குன் கடற்கரையிலிருந்து காலையில் கிளம்பும் சுற்றுலாப் பேருந்துகள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடுதான் போகின்றன. முற்பகலில் சிச்சென் இட்சாவின் பிரமிடு, மதியச் சாப்பாடு, பிற்பகலில் ஒரு செனோட்டேயில் நீச்சல், இரவுக்குள் விடுதி. பார்க்க வேண்டியது பிரமிடு. வெயிலில் காய்ந்த உடம்பைக் குளிரவைக்கச் செனோட்டே. எல்லா விளம்பரத் தாள்களிலும் இந்த வரிசைதான். ஊர்ப்பெயரைப் பிரித்துப் பார்த்தால் வரிசை தலைகீழாகிவிடும்.

யுகடான் தீபகற்பத்து மாயா மொழியில் 'சி' என்றால் வாய். 'சேஎன்' என்றால் கிணறு. சிச்சென் இட்சா என்பதற்கு இட்சா மக்களுடைய கிணற்றின் வாய் என்று பொருள். 'இட்சா' என்ற குலப்பெயரின் கடைசியிலும் தண்ணீரைக் குறிக்கும் 'ஹா' ஒளிந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. ஒரு பக்கத்துக்கு 91 படியாக நான்கு பக்கமும் எண்ணி, உச்சி மேடையையும் சேர்த்தால் 365 வரும் அந்தப் பிரமிடைப் பற்றி ஊர்ப்பெயரில் ஒரு சொல்லும் இல்லை. தண்ணீர் இருந்தது, அதனால் ஊர் வந்தது, ஊர் பெருத்த பிறகு பிரமிடு வந்தது. அந்தத் தண்ணீருக்குத்தான் செனோட்டே என்று பெயர்.

யுகடானின் வடபகுதியில் ஆறு கிடையாது. வரைபடத்தில் நீலக் கோடுகளைத் தேடினால் ஏமாந்துபோவோம். ஆனால் மழைக்குக் குறைவில்லை. நிலம் முழுக்கச் சுண்ணாம்புப் பாறை என்பதால் பெய்கிற மழை மேலே ஓடாமல் விரிசல்கள் வழியாக உள்ளே இறங்கிவிடுகிறது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்து சற்றே அமிலமான அந்த நீர், பாறையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்துக் குகைகளாக்குகிறது. குகையின் கூரை தாங்க முடியாமல் இடிந்து விழுமிடத்தில் நிலம் வாய் திறக்கிறது; அடியில் தெளிந்த நிலத்தடி நீர் தெரிகிறது. இதுதான் செனோட்டே. சிலவற்றில் கூரை முழுதும் விழுந்து வட்டக் குளம்போல் வானம் பார்த்துக் கிடக்கும். சிலவற்றில் உச்சியில் ஒரு துளை மட்டும் இருக்க, உச்சிவேளையில் அதன் வழியே ஒளித்தூண் இறங்கும். கடலுக்கு அருகிலுள்ளவற்றில் மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலக்காமல் அடுக்காக நிற்கும். முக்குளிப்பவர்கள் அந்த எல்லையைக் கடக்கும்போது பார்வை கலங்கித் தெளியும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். மாயா மக்களின் வாயில் இது 'ட்ஸோனோட்'. முதல் ஒலி நமக்குப் பழக்கமில்லாதது. தொண்டையை ஒரு கணம் அடைத்து, 'ட்ஸ்' என்பதை வெடிப்பாக வெளியேற்ற வேண்டும். மாயா மொழிகளில் இப்படி வெடித்து வரும் மெய்கள் பல. அடைப்பு இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறொரு பொருள். பதினாறாம் நூற்றாண்டில் வந்த ஸ்பானியப் பாதிரிமார்களிடம் இந்த ஒலிக்கு எழுத்து இல்லை. லத்தீன் 'சி' எழுத்தைத் திருப்பிப் போட்டு ஒரு புது எழுத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு அச்சுக்கு வசதியாக 'டி' (d), 'இஸட்' (z) என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. 1984இல் மாயா மொழிக்கு எழுத்துமுறை வகுத்தவர்கள் 'டி' (t), 'எஸ்' (s), அவற்றின் பின்னால் ஓர் ஒற்றை மேற்கோள்குறி என்று ஒழுங்குபடுத்தினார்கள். ஊர்ப்பெயர்கள் மட்டும் பழைய உடுப்பிலேயே நிற்கின்றன. சிச்சென் இட்சாவுக்கு மேற்கே யோக்ட்ஸோனோட் என்று ஒரு சிற்றூர் உண்டு. 'ட்ஸோனோட்டின் மேல்' என்பது அதன் பொருள். அங்கே செனோட்டேயைத் துப்புரவாக்கி, பயணிகளுக்குத் திறந்துவிட்டு நடத்திவருவது உள்ளூர் மாயாக்களின் கூட்டுறவு.

ஸ்பானியரின் வாயில் அந்த வெடிப்பு மெய் சாதாரண 'ஸ' ஆகித் தேய்ந்தது. அவர்கள் மொழியில் சொற்கள் 'ட்' என்று முடிவது வழக்கமில்லை. எனவே கடைசியில் ஓர் 'ஏ' ஒட்டிக்கொண்டது. ட்ஸோனோட் செனோட்டே ஆனது. தோமாத்தே, சோக்கோலாத்தே என்று நாவாட்ல் மொழியிலிருந்து அதே காலத்தில் ஸ்பானியத்துக்குள் வந்த சொற்களும் இதே வாலோடுதான் முடிகின்றன. ஒலியை மாற்றினார்களே ஒழிய, சொல்லைத் தள்ளிவிட அவர்களால் முடியவில்லை. மலைகளுக்கும் ஊர்களுக்கும் தங்கள் புனிதர்களின் பெயர்களைத் தாராளமாகச் சூட்டியவர்கள் இதற்கு மட்டும் மாயாச் சொல்லையே வைத்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் தோண்டிய கிணற்றுக்குப் பெயர் உண்டு, குகைக்கும் ஏரிக்கும் பெயர் உண்டு. கூரை இடிந்து நீர் காட்டும் குகைக்குப் பெயர் இல்லை.

தமிழிலும் அப்படித்தான். கிணறும் கேணியும் மனிதர் அகழ்ந்தவை. சுனை பாறையில் தானாக ஊறுவதுதான், என்றாலும் அதை மலையில் தேடுவோம், தரைக்கடியில் அல்ல. பிலம் நிலத்தடிக் குகை. அதில் நீர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆகவே செனோட்டேயை அப்படியே வைத்துக்கொள்வதுதான் முறை என்பது என் முடிவு. பொருள் எங்கே பிறந்ததோ அங்கிருந்தே பெயரும் வரட்டும்.

இந்தச் சொல்லுக்குப் பங்காளிகளும் உண்டு. தெற்கே பூக் குன்றுப் பகுதியில் நிலத்தடி நீர் எட்டாத ஆழத்தில் கிடப்பதால் அங்கே செனோட்டேக்கு வழியில்லை. உஷ்மால் போன்ற நகரங்கள் 'சுல்டுன்' வெட்டிப் பிழைத்தன. குடுவை வடிவில் பாறையைக் குடைந்து, உள்ளே சுண்ணாம்புச் சாந்து பூசி, முற்றத்து மழைநீரை வழியவிட்டுச் சேமிக்கும் நிலத்தடித் தொட்டி அது. அந்தப் பகுதியில்தான் மழைக்கடவுள் சாக்கின் நீண்ட மூக்கு முகங்கள் சுவரெங்கும் நிறைந்திருக்கின்றன. கபா நகரின் ஒரு மாளிகை முகப்பு முழுவதும் நூற்றுக்கணக்கான சாக் முகங்களால் ஆனது. நிலம் தண்ணீர் தராத இடத்தில் வானத்தைத்தானே கெஞ்ச வேண்டும். அதே வட்டாரத்தில் போலோன்சென் என்ற ஊர். ஒன்பது கிணறு என்று பொருள். 1840களின் தொடக்கத்தில் ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் என்ற அமெரிக்கருடன் யுகடானைச் சுற்றிய ஃபிரெடரிக் கேதர்வுட், அந்த ஊருக்கு அருகேயுள்ள குகையை வரைந்திருக்கிறார். மரக்கட்டைகளைக் கட்டிச் செய்த பெரும் ஏணியில், முதுகில் தண்ணீர் சுமந்த ஆட்கள் எறும்புச் சாரிபோல் ஏறி இறங்குகிறார்கள். இன்று நீச்சலுக்குக் கட்டணம் கட்டி இறங்கும் தண்ணீர், ஒரு காலத்தில் என்ன விலைக்குக் கிடைத்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி.

சிச்சென் இட்சாவில் இரண்டு பெரிய செனோட்டேக்கள் உண்டு. இரண்டுக்கும் வேலை வேறு. நகரின் நடுவிலுள்ள ஷ்டோலோக் அன்றாடப் பயன்பாட்டுக்கு. பெயருக்கு ஓணான் வகைப் பிராணி என்று பொருள். வடக்கே இருப்பது புனிதச் செனோட்டே. பிரமிடு நிற்கும் வெளியிலிருந்து 'சக்பே' அதற்கு இட்டுச் செல்கிறது. 'சக்' வெள்ளை, 'பே' பாதை. சுண்ணாம்பு பூசி உயர்த்திய வெண்பாதை. அதன் முடிவில் ஏறத்தாழ 60 மீட்டர் அகலத்தில் செங்குத்தான பாறைச்சுவர், 20 மீட்டருக்கும் கீழே பாசி பிடித்த பச்சை நீர். அதில் யாரும் குளிப்பதில்லை. அது கொடுப்பதற்கான தண்ணீர், எடுப்பதற்கானதல்ல.

என்ன கொடுத்தார்கள் என்பதை முதலில் விரிவாக எழுதியவர் பிஷப் தியேகோ தே லாண்டா. 1562இல் மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் குவித்துக் கொளுத்தியவரும் இவரே. அதே கை, சில ஆண்டுகள் கழித்து மாயா வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைத்த மிக முக்கியமான பதிவுகளில் ஒன்றையும் எழுதியது. செனோட்டே என்ற சொல் அதில் இருக்கிறது. வறட்சிக் காலத்தில் உயிருள்ள மனிதரையும் விலையுயர்ந்த பொருள்களையும் இந்தக் கிணற்றில் இட்டார்கள், இந்த நாட்டில் தங்கம் இருந்தால் பெரும்பகுதி இதில்தான் இருக்கும் என்ற கருத்தில் எழுதிவைத்தார். அந்த வரியை நம்பி வந்தவர் எட்வர்ட் தாம்ப்சன். அமெரிக்கத் தூதரக அதிகாரியான அவர் 1894இல் இடிபாடுகளோடு சேர்த்து அந்தப் பண்ணையையே வாங்கினார். 1904 முதல் தூர்வாரும் எந்திரம் போட்டுச் சேற்றை அள்ளினார். பச்சைக்கல் அணிகள், நறும்பிசினான கோப்பால் உருண்டைகள், தங்கத் தகடுகள், எலும்புகள் எல்லாம் வந்தன. யுகடானில் தங்கம் விளைவதில்லை. அந்தத் தங்கம் பனாமா, கோஸ்டாரிக்கா வரையிலிருந்து வந்தது. எலும்புகளில் குழந்தைகளுடையவை நிறைய. கிடைத்தவற்றில் பெரும்பகுதி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. மெக்சிகோ வழக்குத் தொடுத்தது. 1970இல்தான் ஒரு பகுதி திரும்பியது. ஒரு மக்கள் தங்கள் கடவுளுக்குக் கொடுத்ததை எடுத்துப் போனதை அகழாய்வு என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆவணமின்றிச் சேற்றை அள்ளியதால் எந்தப் பொருள் எந்தக் காலத்தது என்ற அடுக்கும் சிதைந்துபோயிற்று.

பலி கொடுக்கப்பட்டவர்கள் கன்னிப் பெண்கள் என்ற கதை நெடுங்காலம் உலாவியது. எலும்புகளை ஆராய்ந்தபோது ஆண்களும் சிறுவர்களும் தெரியவந்தார்கள். புனிதச் செனோட்டேக்கு அருகே ஒரு சுல்டுன் இருந்தது. குகையோடு சேர்த்துக் கல்லறையாக மாற்றப்பட்ட அதிலிருந்து கிடைத்த எலும்புகளில் 64 பேருடைய மரபணுவைப் படித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அறுபத்து நால்வரும் சிறுவர்கள், ஆண்கள். அவர்களில் இரண்டு இணை, ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். தண்ணீரைத் தேக்கும் இடங்கள் மாயா மனத்தில் எப்போதும் கீழுலகின் வாசல்களாகவே இருந்திருக்கின்றன. இன்றும் யுகடான் உழவர்கள் மழை வேண்டி 'சா சாக்' சடங்கு நடத்துகிறார்கள். பலிபீடத்தின் காலடியில் சிறுவர்களை உட்கார்த்தித் தவளைபோல் கத்தச் சொல்கிறார்கள். பிள்ளைகள் கத்தி முடித்து எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் புவியியலுக்குள்ளும் நுழைந்தது. யுகடானின் வடமேற்கில் செனோட்டேக்கள் மனம்போனபடி சிதறிக் கிடக்காமல் ஒரு வில்லாக வளைந்து நிற்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து டைனோசர்களை முடித்த விண்கல்லின் பள்ளம் அடியில் புதைந்திருக்கிறது. அதன் விளிம்பு வழியே பாறை உடைந்து நீர் ஓடியதால்தான் அந்த வளைவு. 'செனோட்டே வளையம்' இன்று ஆய்வாளர்களின் வழக்குச்சொல். கிழக்குக் கரையில் முக்குளிப்போர் குகைகளைத் தொடர்ந்து சென்று, சக் அக்டுன் என்ற அமைப்பும் தோஸ் ஓஹோஸ் என்ற அமைப்பும் ஒன்றே என்று 2018இல் நிறுவினார்கள். சேர்ந்த நீளம் 347 கிலோமீட்டர். 'அக்டுன்' என்றால் குகை; சக் அக்டுன் என்பது வெண்குகை என்று பொருள்படும் மாயாப் பெயர்.

தொடர்ந்து கிடக்கும் குகை என்றால் தொடர்ந்து கிடக்கும் தண்ணீர். ஓரிடத்தில் கொட்டும் கழிவு வெகுதொலைவில் இன்னோர் ஊரின் குடிநீரில் தலைகாட்டும். சுண்ணாம்புப் பாறை வடிகட்டாது. செனோட்டேக்களுக்குப் பேர்போன ஓமுன் என்ற ஊரில் 49,000 பன்றிகளுக்கான பண்ணை வந்தபோது ஊர்ப் பிள்ளைகளின் பெயரால் வழக்குத் தொடுத்தார்கள். 2018இல் பண்ணை நிறுத்திவைக்கப்பட்டது. 2021இல் மெக்சிகோவின் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதிசெய்தது. போராடிய ஊராரின் அமைப்புக்குப் பெயர் 'கனான் ட்ஸோனோட்', செனோட்டேக் காவலர்கள். ஸ்பானிய 'ஏ' வாலை அறுத்துவிட்டுத் தொண்டையின் பழைய வெடிப்போடு சொல் வழக்குமன்றம் ஏறியது. 2023இல் ஓடத் தொடங்கிய மாயா ரயிலுக்காகக் கரையோரக் குகைகளின் கூரையைத் துளைத்து இரும்புத் தூண்கள் இறக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் தூண்களைக் குறித்தும் இதே சொல்லை வைத்துத்தான் அங்கே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் அங்கே போக நேர்ந்தால் முதலில் வெண்பாதை வழியாகப் புனிதச் செனோட்டேயின் விளிம்புக்குப் போங்கள். பிரமிடை அப்புறம் பாருங்கள். பிற்பகலில் இக் கில் போன்ற செனோட்டேயில் இறங்குமுன், உடம்பில் பூசிய வெயில் களிம்பை அங்குள்ள குழாயடியில் நன்றாகக் கழுவிவிடுங்கள். நீங்கள் நீந்தும் தண்ணீரைத்தான் அடுத்த ஊர் குடிக்கிறது.