மான்செஸ்ரர் தந்த தொகை

தொகை என்பது தமிழருக்குப் பழகிய சொல். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர் இன்னார், தொகுப்பித்தவர் இன்னார் என இரு பெயர்களைப் பிரித்துரைப்பது முன்னோர் மரபு. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் சேர மன்னன். பாடினோர் ஒருபுறம் இருக்க, சிதறிக் கிடந்தவற்றை ஒருங்கே காணவேண்டும் என விழைந்த ஒருவனும் தொகைக்குக் காரணமாகிறான். 1987ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலிருந்து வெளிவந்த 'சப்ஸ்ரன்ஸ்' என்னும் இசைத்தொகுப்புக்கும் அத்தகைய தொகுப்பித்தவர் ஒருவர் உண்டு. அவர் அரசர் அல்லர், தொலைக்காட்சி அறிவிப்பாளர். டொனி வில்சன் என்பது அவர் பெயர். அவருடைய புதிய ஜாகுவார் மோட்டார் வண்டியில் குறுந்தட்டுக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. 'நியூ ஓடர்' என்னும் குழுவினரின் பாடல்களை வண்டியில் இருந்தபடியே கேட்க அவர் விரும்பினார். அப்பாடல்கள் யாவும் ஒருங்கே அடங்கிய தட்டு எதுவும் அப்பொழுது இல்லை. அக்குறையைத் தீர்க்கவே இத்தொகுப்பு எழுந்தது என்பர்.

ஒருவரின் வண்டிக்காக எழுந்த தொகுப்பு, மின்னிசைக் கருவிகளால் அமைந்த நடன இசையின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலிற் கையிலெடுக்கும் தட்டாகிவிட்டது. அதன் பின்னே ஒரு மரணமும், ஒரு நகரத்தின் வீழ்ச்சியும், எழுதப்படாத ஓர் ஒப்பந்தமும் கிடக்கின்றன.

மான்செஸ்ரர் என்றவுடன் துணியே நினைவுக்கு வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகெங்கும் பருத்தித் துணியை அனுப்பிய நகரம் அது. அந்நகரின் சென் பீற்றர் திடலில் 1819ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் திகதி, பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டித் திரண்ட பெருங்கூட்டத்தின்மீது குதிரைப்படை பாய்ந்தது. 'பீற்றர்லூ' என வரலாறு அதனைக் குறிக்கும். அதே திடலின்மேற் பின்னாளில் எழுந்தது சுதந்திர வர்த்தக மண்டபம். தானியச் சட்டங்களை ஒழிக்கப் போராடிய வணிகர்களின் வெற்றிச் சின்னம் அது. 1976ஆம் ஆண்டு யூன் 4ஆம் திகதி அம்மண்டபத்தின் சிறிய கூடம் ஒன்றில் இலண்டனிலிருந்து வந்த 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்னும் குழு வாசித்தது. கேட்க வந்தோர் தொகை சிறிது, கூடம் நிறையவில்லை. வந்தவர்களுள் சல்போர்ட் பகுதியைச் சேர்ந்த பள்ளித் தோழர் இருவர் இருந்தனர்: பேர்னார்ட் சம்னர், பீற்றர் ஹூக். இசைப்பயிற்சி இல்லாதவர்களும் மேடையேறலாம் என்னும் துணிவு அன்றிரவு அவர்களுக்குப் பிறந்தது. மறுநாளே ஹூக் கடைக்குச் சென்று ஒரு பேஸ் கிற்றார் வாங்கினார். ஆலைகள் மூடப்பட்டுப் பண்டகசாலைகள் வெறிச்சோடிக் கிடந்த காலம் அது. இளைஞர்க்குத் தொழில் அரிது, ஓய்வோ மிகுதி.

அவர்களோடு தாளம் வாசிக்க ஸ்டீபன் மொறிசும், பாட இயன் கேட்டிசும் சேர்ந்தனர். 'ஜோய் டிவிஷன்' எனப் பெயர் பூண்ட அக்குழுவை, வில்சனும் அலன் எராஸ்மசும் 1978இற் தொடங்கிய 'பக்டரி' இசைத்தட்டு நிறுவனம் ஆதரித்தது. கேட்டிஸ் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஊழியராயிருந்தவர். வலிப்பு நோயால் வருந்தியவர். 1980ஆம் ஆண்டு மே 18ஆம் திகதி, குழுவினர் முதன்முறையாக அமெரிக்கா செல்லவிருந்த நாளுக்கு முந்திய நாள், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அப்பொழுது அவருக்கு வயது 23.

எவரேனும் ஒருவர் நீங்கினால் அப்பெயரைப் பின்னர் வழங்குவதில்லை என நால்வரும் முன்னரே உடன்பட்டிருந்தனர். எஞ்சிய மூவரும் அச்சொல்லைக் காத்தனர். புகழ் வந்துகொண்டிருந்த வேளையில் அப்பெயரைக் கைவிடுதல் எளிதன்று. எனினும் கைவிட்டு, 'நியூ ஓடர்' என்னும் புதுப்பெயரோடு தொடங்கினர். அவ்வாண்டு ஒக்டோபரில் ஜிலியன் கில்பேட் நான்காமவராகச் சேர்ந்தார்.

தொகுப்பின் முதற்பாடல் 'செரிமனி' என்பது. கேட்டிஸ் இறுதியாக இயற்றிய பாடல்களுள் ஒன்று அது. அவர் எழுதிய தாள் கிடைக்கவில்லை. பயிற்சியின்போது பிடித்த ஒலிநாடா ஒன்று இருந்தது. அதிலும் சொற்கள் தெளிவாயில்லை. இறந்த நண்பரின் குரலை மீண்டும் மீண்டும் கேட்டே சம்னர் சொற்களைப் பிரித்தறிய வேண்டியதாயிற்று. யார் பாடுவது என்பதும் உடனே முடிவாகவில்லை. மூவரும் மாறி மாறிப் பாடிப் பார்த்தபின்னரே அப்பொறுப்புச் சம்னரிடம் வந்தது. அவருடைய குரல் பெரிய குரலன்று, பயிற்சி பெற்றதுமன்று. ஆயினும் பிற்காலத்தில் இயந்திரத் தாளத்தின்மேல் அக்குரல் ஒலித்தபோது, அதன் மென்மையே பாடலுக்கு மனிதத் தன்மையைக் கொடுத்தது.

1980ஆம் ஆண்டு அவர்கள் நியூயோர்க் சென்றபோது வாத்தியங்கள் யாவும் வண்டியோடு களவுபோயின. அந்நகரின் நடனக் கூடங்களைக் கண்டதோ இலாபமாயிற்று. அங்கே மக்கள் இசைக்குழுவைக் காண வரவில்லை. தட்டிலிருந்து எழும் இசைக்கு ஆட வந்தனர். அத்தட்டுகள் அளவிற் பெரியவை.

இவ்விடத்திற் தட்டின் அளவைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இத்தொகுப்பு முழுவதும் அதனைச் சார்ந்தே நிற்கிறது. வானொலியில் ஒலித்த தனிப்பாடற் தட்டு 7 அங்குல விட்டமுடையது. மூன்று நான்கு நிமிடப் பாடலே அதில் நன்கு அடங்கும். ஊசி செல்லும் சுவட்டின் அசைவே ஒலியாக மாறுகிறது. தாழ்ந்த சுரங்களுக்கு அவ்வசைவு அகன்றிருத்தல் வேண்டும். சிறிய தட்டில் நீண்ட பாடலைப் பதித்தாற் சுவடுகள் நெருங்கும். நெருங்கவே அசைவைக் குறைக்கவேண்டும். குறைக்கவே முழக்கம் தேயும். 1970களின் நடுப்பகுதியில் நியூயோர்க்கில் டொம் மூல்டன் போன்றோர் நீண்டபாடற் தொகுதிக்குரிய 12 அங்குலத் தட்டில் ஒரேயொரு பாடலைப் பதித்தனர். சுவடுகள் அகன்றன, தாழ்ந்த ஒலி நெஞ்சில் அதிர்ந்தது, பாடல் ஏழெட்டு நிமிடம் நீண்டது. நடனக் கூடத்துக்கு வேண்டியது அதுவே. நியூ ஓடர் குழுவினர் இத்தட்டைத் தம் முதன்மை வடிவமாகக் கொண்டனர். அன்றியும், தனித்தட்டிற் பாடியதை நீண்டபாடற் தொகுதியிற் சேர்ப்பது பெரும்பாலும் அவர்கள் வழக்கமன்று. ஒரே பாடலை வாங்குவோரிடம் இருமுறை விற்பது முறையன்று என்பது எண்ணம். வணிகர்கள் நகைத்திருப்பர். பாடல்கள் சிதறிக் கிடந்தமைக்குக் காரணம் இதுவே.

இத்தட்டுகளுட் தலையாயது 1983ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி வெளிவந்த 'புளூ மண்டே'. ஏழரை நிமிடம் நீளும் பாடல் அது. கச்சேரி முடிவில் 'மீண்டும் ஒன்று' எனச் சபையோர் கேட்கும்பொழுது, விசையை அழுத்திவிட்டு மேடையை விட்டுப் போய்விடத்தக்க பாடல் ஒன்று வேண்டும் என்னும் சோம்பல் விருப்பத்திலிருந்து அது பிறந்ததாக அவர்களே கூறியதுண்டு. ஒபர்ஹைம் நிறுவனத்தின் தாள இயந்திரம் ஒன்று தாளம் கொடுத்தது. சுரங்களை வரிசையாக நினைவிற் கொண்டு வாசிக்கும் 'சீக்குவன்சர்' என்னும் கருவியோ கடையிற் கொண்டதன்று. உதிரிப் பாகங்களை வாங்கிச் சம்னர் தம் கையாற் பொருத்தியது. இன்று சிறுவனொருவன் கணனித் திரையில் நொடிப்பொழுதிற் செய்வதை, அன்று சுரம் சுரமாக எண்களால் ஊட்டவேண்டியிருந்தது. கில்பேட் அவ்வரிசையைத் தாள்களிற் குறித்து, ஒன்றோடொன்று ஒட்டி, நீண்டதொரு சுருளாக வைத்திருந்தார். ஊட்டும்பொழுது ஒரு சுரம் தவறிப்போயிற்று. அதனால் இன்னிசை தாளத்தினின்றும் சற்றே விலகி ஓடுகிறது. அத்தவறு திருத்தப்படாமலே தட்டில் ஏறியது. இயந்திர இசைக்கு உயிரில்லை என்போர் இவ்விடத்தைச் செவிமடுத்துக் கேட்கலாம்.

தட்டின் உறையை அமைத்தவர் பீற்றர் சவில். கணனியின் நெகிழ்தட்டு ஒன்றைக் கண்டு வியந்து, அவ்வடிவிலேயே துளைகள் வெட்டிய உறையை வரைந்தார். குழுவின் பெயரோ பாடலின் பெயரோ உறையின்மேல் இல்லை. ஓரத்து வர்ணக் கட்டங்களே எழுத்துக்களாக நின்றன. துளை வெட்டும் செலவு மிகுந்ததனால் விற்ற ஒவ்வொரு தட்டிலும் பக்டரி நிறுவனம் சில சதங்களை இழந்தது என்னும் கதை பிரசித்தம். இழந்த தொகை சொல்பவருக்கேற்ப மாறும். பிரித்தானியாவில் மிகுதியாக விற்ற 12 அங்குலத் தனித்தட்டு இதுவே என்பதில் மாத்திரம் மாறுபாடில்லை.

1987க்கு வருவோம். இரட்டை இசைத்தட்டாக வந்த 'சப்ஸ்ரன்ஸ்' பன்னிரண்டு பாடல்களைக் கால வரிசையில் நிறுத்துகிறது. 1981ஆம் ஆண்டின் கிற்றார் இசையிலிருந்து, ஆதர் பேக்கரோடு நியூயோர்க்கில் அமைத்த 'கொன்பியூஷன்' வழியாக, 1987இன் 'ட்ரூ பெய்த்' வரை, இருள் மெல்ல விலகி ஒளி பரவுவதைச் செவியாற் காணலாம். குறுந்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் வந்த பதிப்புகளில் தனித்தட்டுகளின் மறுபக்கப் பாடல்களும் சேர்ந்தன. குறுந்தட்டின் கொள்ளளவுக்கு ஏற்ப 'பேர்பெக்ட் கிஸ்' என்னும் பாடலின் முடிவு சற்று வெட்டப்பட்டது.

ஆயின் இத்தொகுப்பை முழு ஆவணமாகக் கொள்வது பிழை. 1982ஆம் ஆண்டின் 'டெம்ப்டேஷன்', 1983ஆம் ஆண்டின் 'கொன்பியூஷன்' ஆகிய இரண்டும் 1987இற் புதிதாகப் பதிவுசெய்து சேர்க்கப்பட்டவை. 'செரிமனி'யும் முதற்பதிவன்று, கில்பேட் சேர்ந்தபின் மீண்டும் வாசித்தது. பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த நம் அறிஞர் பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டினர். இசைத்தட்டு வணிகத்தில் அவ்வழக்கம் அருமை. 1982இன் பதிவிலுள்ள கரடுமுரடான மகிழ்ச்சி, பின்வந்த மெருகிற் குறைந்துபோயிற்று என்றே சொல்லவேண்டும். தம் இளமை எழுத்தைத் திருத்தும் புலவர் எவர்க்கும் நேரும் இழப்பு அது.

தொகுப்புக்கென ஸ்டீபன் ஹேக் என்பாரோடு அமைத்த 'ட்ரூ பெய்த்' பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்தையும், தொகுப்பு மூன்றாம் இடத்தையும் எய்தின. அமெரிக்காவிற் குயின்சி ஜோன்சின் நிறுவனம் இதனை வெளியிட்டது. அங்கு விற்பனை பத்து இலட்சத்தைத் தாண்டியது.

இவ்வளவு செல்வம் எங்கே சென்றது? பெரும்பகுதி ஒரு கட்டிடத்துக்குள் மறைந்தது. 1982ஆம் ஆண்டு மே மாதத்தில், முன்பு படகு விற்பனைக்கூடமாயிருந்த ஒரு கட்டிடத்தைக் குழுவும் பக்டரி நிறுவனமும் கூடி 'ஹசியெண்டா' என்னும் நடனக் கூடமாக்கின. நியூயோர்க்கிற் கண்டதைத் தம் நகருக்குக் கொணர வேண்டும் என்னும் ஆசையில், குழுவின் முகாமையாளர் ரொப் கிரெட்டன் முன்னின்றார். ஆண்டுக்கணக்கில் அது நட்டமே தந்தது. தட்டுகளால் வந்த பணம் அங்கே கரைந்தது. 1980களின் இறுதியிற் சிக்காகோவிலும் டிற்றோயிற்றிலும் பிறந்த நடன இசை இங்கிலாந்தைப் பற்றிக்கொண்டபோது, அக்கூடம் இளைஞர்க்கு யாத்திரைத் தலமாயிற்று. கூட்டம் வந்தது, கூட்டத்தோடு போதைப்பொருளும் வன்முறையும் வந்தன. 1997இல் அது மூடப்பட்டது. பின்னர் இடிக்கப்பட்டு, அதே பெயரோடு குடியிருப்பு மாடிகள் அங்கு எழுந்தன.

பக்டரி நிறுவனம் அதற்கு முன்னரே, 1992 நவம்பரில், வங்குரோத்தாகி வீழ்ந்தது. இலண்டன் ரெக்கோர்ட்ஸ் என்னும் பெரு நிறுவனம் அதனை வாங்க முன்வந்திருந்தது. நியூ ஓடரின் பழைய பாடல்களே அதன் கண்ணுக்குத் தெரிந்த சொத்து. ஏடுகளைப் புரட்டியபோது அச்சொத்துப் பக்டரிக்கு உரியதன்று என்பது வெளிப்பட்டது. கலைஞரை எழுத்தாற் பிணிக்கக்கூடாது, பாடியதெல்லாம் பாடியவர்க்கே உரியது என்பது வில்சனின் கொள்கை. அக்கொள்கையாற் பாடல்கள் குழுவினரிடமே நின்றன; நிறுவனத்தைக் காப்பதற்கு விற்க ஒன்றும் எஞ்சவில்லை. அறம் என்பதா, அசட்டுத்தனம் என்பதா? மான்செஸ்ரரில் இரண்டு கட்சியினரும் உண்டு. துணி வணிகத்தாற் பெயர் பெற்ற நகரில் இப்படியொரு வணிகன் தோன்றியது விந்தையே. வில்சன் 2007 ஓகஸ்டிற் காலமானார்.

1980இற் பெயரைத் துறந்த அதே நண்பர்கள் பிற்காலத்திற் பெயருக்காகவே வழக்காடினர். ஹூக் 2007இற் பிரிந்தார். ஏனையோர் 2011இல் அப்பெயரோடு மீண்டும் மேடையேறினர். பெயரின் பயன் யாருக்கு என்னும் வழக்கு 2017இலேயே இணக்கமாயிற்று. 2023 நவம்பரிற் தொகுப்பு விரிந்த பதிப்பாக மறுபடி வந்தது. அதன் நான்காம் தட்டிலே, 1987 செப்டெம்பரிற் கலிபோர்னியாவின் இர்வைன் மெடோஸ் அரங்கில் நிகழ்ந்த கச்சேரி இடம்பெற்றுள்ளது. அன்றிரவு நால்வரும் தொகுப்பின் பாடல்களைத் தட்டின் வரிசைப்படியே வாசித்தனர். ஏழு ஆண்டுகளுக்கு முன்னர் இயன் கேட்டிஸ் காணவிருந்த நாட்டிலே முதலில் எழுந்தது, அவர் சொல்லமைத்த 'செரிமனி'.