குளவி காத்த தேயிலை

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது தமிழர் நெடுங்காலமாகக் கூறிவரும் உவமை. குருவருளால் மாணாக்கன் உயர்நிலை எய்துவதை விளக்கச் சமயப் பெரியோர் இதனைக் கையாண்டனர். இயற்கையிலோ புழு குளவியாவதில்லை. குளவியின் குஞ்சுக்கு உணவாகின்றது. இவ்வுண்மையைப் பயன்கொண்டு இலங்கைத் தேயிலையைப் பெருங்கேடொன்றினின்று காத்த வரலாறு அறியத்தக்கது.

சிறு அந்துப்பூச்சி ஒன்றின் புழு, இலைகளை நூலாற் பிணைத்து, அவற்றின் நடுவே மறைந்திருந்து அரித்துண்ணும். 1861ஆம் ஆண்டில் நீற்னர் என்பார் இப்பூச்சியை இலங்கைக் கோப்பிச் செடியிற் கண்டு விவரித்தார். கோப்பி அழிந்து தேயிலை பரவியபின் அது தேயிலையைப் பற்றிக்கொண்டது. முட்டைகளைக் கையாற் பொறுக்கி அழித்தும் அது அடங்கவில்லை.

1925ஆம் ஆண்டில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் காலத்தில், 1935–36ஆம் ஆண்டுகளில், யாவாத் தீவிலிருந்து மக்குரோசென்றசு என்னும் சிறு குளவி கொண்டுவரப்பட்டுத் தோட்டங்களில் விடப்பட்டது. இதன் பெண் குளவி புழுவைத் தேடி அதன் உடலினுள்ளே முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே உண்டு வளரும். அதுவரை புழுவும் உயிரோடிருந்து இலையைத் தின்னும். வளர்ச்சி முற்றியதும் குஞ்சு வெளிவந்து கூடு கட்டும், புழு மடியும். கூட்டினின்று பறக்கும் புதுக்குளவி வேறு புழுவை நாடும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெருகிய குளவி, சில ஆண்டுகளுள் புழுவை அடக்கியது.

பின்னர் வேறொரு பகை எழுந்தது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்கும்பொருட்டு, 1950களிலும் 1960களிலும் டீல்ட்றின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு நன்மை செய்த குளவியையும் கொன்றது. காவல் நீங்கவே, அடங்கியிருந்த இலைப்புழு தோட்டங்களில் மீண்டும் பெருகிற்று. வண்டுக்கு இட்ட மருந்து புழுவுக்கு வாழ்வளித்தது.

டீல்ட்றின் 2001ஆம் ஆண்டின் ஸ்ரொக்கோம் உடன்படிக்கையில் ஒழிக்கவேண்டிய நஞ்சுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கண்ணுக்கு எளிதிற் புலப்படாத ஒரு குளவியின் பிறப்பும் வளர்ப்பும் ஒரு நாட்டின் செல்வத்தையும், கொழுந்து பறித்துப் பிழைப்போரின் வாழ்வையும் தாங்கி நின்றன. ஓர் உயிரை அழிக்க முற்படுமுன், அதனோடு பிணைந்த ஏனைய உயிர்களையும் அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.