எண்பதாயிரம் கலம்

1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகத்துக்குள் புகுந்த பிறகு தஞ்சைக் கோட்டையைப் பட்டினி சூழ்ந்தது. சிப்பாய்கள் பசியால் தெருக்களில் விழுந்து மாண்டனர். இத்தனைக்கும் வெளியே கிராமங்களில் தானியம் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடுகள்தாம் இல்லை. முன்பு மாடுகளைக் கொடுத்து உதவியவர்களுக்குச் சேரவேண்டிய கூலியைத் துபாஷிகள் விழுங்கியிருந்தனர். ஆகவே குடியானவர்கள் தம் கால்நடைகளை ஓட்டிக்கொண்டு விலகிப் போய்விட்டனர். மன்னர் துளஜாஜி ஆணையிட்டுப் பார்த்தார், மன்றாடியும் பார்த்தார். பலனில்லை. நம் இரு தரப்பார் மீதும் மக்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, பாதிரியாரையாவது நம்புகிறார்களா பார்ப்போம் என்று ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் சொல்லி, ஒரு வெற்றுத்தாளைச் சுவார்ட்ஸ் ஐயருக்கு அனுப்பிவைத்தார். குடியானவர்களோடு எந்த ஒப்பந்தத்தையும் அவரே எழுதிக்கொள்ளலாம்.

கூலிக்குத் தாம் பொறுப்பு என்றார் சுவார்ட்ஸ். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்து ஊர்ப்புறங்களுக்குச் சென்று 80,000 கலம் தானியத்தைக் கோட்டைக்குள் கொண்டுவந்தனர். காரியம் முடிந்ததும், தம் பொறுப்பிலிருந்த பிறர் பணத்தையும் சேர்த்துக் கூலியைத் தீர்த்து, சிறு அன்பளிப்பும் கொடுத்து அவர்களை அனுப்பிவைத்தார்.

அரசனின் முத்திரைக்கும் கம்பெனியின் துப்பாக்கிக்கும் இல்லாத மதிப்பு ஒரு பாதிரியின் சொல்லுக்கு எப்படி வந்தது? நெருக்கடி வேளையில் திடீரென விளைந்ததல்ல அது. முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்தது.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் 1726-ல் பிரஷ்யாவின் சொன்னென்பர்க்கில் பிறந்தவர். ஹாலே நகரில் பயின்றபோது, தமிழ் வேதாகம அச்சுப்பணிக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-ல் தரங்கம்பாடியில் இறங்கியவர் பிறகு ஐரோப்பாவுக்குத் திரும்பவேயில்லை. மணம் புரிந்துகொள்ளவும் இல்லை. திருச்சிராப்பள்ளியில் அவரைக் கண்ட வில்லியம் சேம்பர்ஸ் எழுதியுள்ள குறிப்பின்படி, அவருடைய இருப்பிடம் பழைய கட்டடம் ஒன்றில் கட்டிலுக்கும் அவருக்கும் மட்டுமே இடம் போதும் சிறு அறை. உணவு, உள்ளூர் முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும். விடியலில் உபதேசியார்களோடு ஜெபம். பின் அவரவர் செல்லவேண்டிய ஊர்களைப் பிரித்துக் கொடுத்து அனுப்புதல். மாலையில் திரும்பி வந்தவர்களிடம் அன்றைய நிகழ்வுகளைக் கேட்டறிந்து மீண்டும் ஜெபம். வியப்பூட்டும் அற்புதம் எதுவும் இந்த அட்டவணையில் இல்லை. ஒரே நாள் ஆயிரக்கணக்கான தடவை வாழப்பட்டது, அவ்வளவே.

பணத்திலும் அதே ஒழுங்கு. 1779-ல் சென்னை ஆளுநரின் வேண்டுகோளின் பேரில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று ஹைதரைச் சந்தித்தார். இந்தக் கிறிஸ்தவர் தன்னை ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே விரும்பி அழைத்ததாகக் கூறுவர். விடைபெறும்போது ஹைதர் வழிச்செலவுக்கென 300 ரூபாய் கொடுத்தார். செலவைக் கம்பெனி ஏற்றிருந்தபடியால் சுவார்ட்ஸ் அதனைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு அதுவே முதல் நிதியாயிற்று.

ஆனால் இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்வின் முள்ளும் இருக்கிறது. சமாதானத்துக்கென்று நம்பியே அவர் அந்தத் தூதுக்கு இசைந்தார். மறு ஆண்டே போர் மூண்டது. பொய்க்கு அஞ்சும் ஒருவரின் நாவை, பொய்க்கு அஞ்சாத ஓர் அரசு இரவல் வாங்கிக்கொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. எனினும் ஹைதர் கம்பெனியின் குற்றத்தை அவர்மேல் ஏற்றவில்லை. பாதிரியாருக்குத் தீங்கின்றி வழிவிடும்படி தன் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டார். எதிரியும் பிரித்தறியும்படி இருந்தது அந்த நேர்மை.

அவரைக் குறையற்றவராக வரைவதும் நியாயமாகாது. தேவாலயத்துக்குள் சாதிவாரியாகத் தனித்தனியே அமரும் வழக்கம் அவர் காலத்திலும் நீடித்தது. அதை உடைக்கும் முயற்சி பின்னாளில், 1830களில்தான் தீவிரம் பெற்றது. நாள்தோறும் தன்னைச் சோதித்துக்கொள்கிற மனமும் தன் காலத்தின் சுவரைச் சுவரென்று காணாமல் போகக்கூடும்.

போருக்குப் பிறகு கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிப்போன தஞ்சைக் குடியானவர்கள் 7,000 பேர் திரும்பி வந்ததும் அவருடைய வாக்கை நம்பித்தான். பருவம் தவறிக்கொண்டிருந்தது. தங்கள் பொருட்டு அவர் பெயர் கெடலாகாது என்று அவர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று. பெற்றவரையும் அது நாணயமுள்ளவராக்குகிறது.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். அவருடைய பாதுகாப்பில் வளர்ந்த சரபோஜி அவ்வாண்டே அரியணை ஏறினார். தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த தேவாலயத்தில் சரபோஜி நிறுவிய சலவைக்கல் சிற்பத்தை ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கினார். மரணப்படுக்கையில் கிடக்கும் முதியவரின் கையை மன்னர் பற்றியிருக்கிறார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. கடைசிவரை தம் முன்னோரின் தெய்வங்களையே வணங்கினார். கல்லறைக்கென அவர் ஆங்கிலத்தில் இயற்றிய வரிகளும் ஞானஸ்நானக் கணக்கைப் பேசவில்லை. நேர்மையையும் அனாதைகளுக்குத் தந்தையாக இருந்ததையுமே பேசுகின்றன.

புனிதம் என்ற சொல்லை நாம் பெரும்பாலும் பலிபீடத்தின் அருகிலேயே வைத்துப் பழகிவிட்டோம். தஞ்சைக் குடியானவர்கள் அதை வேறோர் அளவையால் அளந்தார்கள். இந்த மனிதர் சொன்ன கூலியைக் கொடுப்பாரா என்பதே அவர்களுடைய கேள்வி. கொடுப்பார் என்று நம்பி மாடுகளை நுகத்தில் பூட்டினார்கள்.