மூடாத நாளம்

வாலாஜாபாத் தறிவீடுகளிலும் சரி, தமிழ்நாட்டில் வேறெங்கும் சரி, குழந்தையின் இருதயக் கோளாறுக்கு வழக்கில் உள்ள சொல் ‘ஓட்டை’தான். இதயச் சுவரில் துளை இருந்தாலும் ஓட்டை. ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பி.டி.ஏ.’ என்று எழுதியிருந்தாலும் ஓட்டை. பி.டி.ஏ.வில் இதயத்தில் துளையே இல்லை. இதயத்துக்கு வெளியே, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் சிறு குழாய் அது. கருவில் இருந்தபோது நம் எல்லாருக்கும் திறந்திருந்தது. பிறந்ததும் மூடியிருக்க வேண்டும், சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. ‘ஓட்டை’ என்ற மாத்திரத்தில், “மாசமா இருக்கும்போது என்ன பண்ணாளோ” என்று பழி தாயின் தலையில் விழுகிறது. இந்தப் பெயரைத் துருவிப் பார்க்க அது ஒன்றே போதும்.

பேட்டன்ட் டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ் என்பது முழுப்பெயர். லத்தீனில் ‘பேட்டன்ட்’ என்றால் திறந்திருப்பது. காப்புரிமையைக் குறிக்கும் பேட்டன்ட்டும் இதே வேர்தான். எல்லாரும் படிக்கத் திறந்து வைத்த அரசாணை அது. ‘டக்டஸ்’, இட்டுச் செல்வது. மூன்றாவது சொல்லில்தான் சுவை. கிரேக்கர் மூச்சுக்குழாய்க்கும் ‘ஆர்ட்டீரியா’ என்றே பெயரிட்டிருந்தனர். இறந்த உடலில் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததால், அவற்றில் காற்று ஓடுவதாக அவர்களில் பலர் நம்பினர். நம் ‘தமனி’யும் அதே பக்கம்தான் போகிறது: வடமொழியில் ஊதுதலைக் குறிக்கும் ‘த்மா’ அதன் வேர். டக்டஸுக்கு ஈடான ‘நாளம்’ என்பதற்குத் தாமரைத் தண்டு போல உட்டுளை கொண்ட தண்டு என்று பொருள்.

தமனியில் காற்றைத் தேடியது பிழைதான். ஆனால் இந்த ஒரு நாளத்துக்குக் காற்றோடு உண்மையிலேயே உறவு உண்டு. கருவில் நுரையீரல் மூச்சு விடுவதில்லை. இதயத்தின் வலப்புறத்திலிருந்து வரும் இரத்தத்தில் பெரும்பகுதி இவ்வழியாக நுரையீரலைத் தவிர்த்துப் போய்விடுகிறது. குழந்தை வீறிட்டு அழுது முதல் மூச்சை இழுத்ததும் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது, நாளத்தைத் திறந்து வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் குறைகிறது, தசை சுருங்குகிறது. நிறைமாதக் குழந்தைக்குப் பெரும்பாலும் 2, 3 நாளில் வழி அடைபட்டு, பிறகு வெறும் நாராகிவிடும். குறைமாதக் குழந்தைகளிடமும், கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கிய தாய்மாரின் குழந்தைகளிடமும் இது தவறுவது அதிகம். மூடாத ஏரி மதகில் தண்ணீர் வீணே பாய்வது போல, மகாதமனியின் அழுத்தத்தால் இரத்தம் நுரையீரலுக்குள் திரும்பப் பாய்கிறது. குழந்தை பால் குடிக்கவே மூச்சு வாங்கும், எடை ஏறாது.

இந்த நாளத்துக்குப் ‘பொட்டாலோ நாளம்’ என்றும் ஒரு பெயர். வாலாஜாபாத்துக்கு நவாப் முகமது அலி வாலாஜாவின் பட்டம் பெயரானதில் பிசகில்லை. நாளத்துக்கு வாய்த்ததோ தவறான ஆளின் பெயர். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பொட்டாலோ எழுதியது வேறொரு கருவழியைப் பற்றி. இந்த நாளத்தை 2-ஆம் நூற்றாண்டிலேயே கேலன் குறித்துவிட்டார்.

1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் நெஞ்சைத் திறந்து, மூடாத நாளத்தைக் கட்டி மூடினார். 1967-இல் பெர்லினில் வெர்னர் போர்ஸ்ட்மன் நெஞ்சைத் திறக்காமல், தொடை இரத்தக்குழாய் வழியே கத்தீட்டர் செலுத்தி அடைத்தார். கத்தீட்டருக்கு நம் கலைச்சொல் ‘வடிகுழாய்’. சிறுநீரை வடிக்கும் குழாய்க்கு அது பொருந்தும். இங்கே அது எதையும் வடிப்பதில்லை, சுருக்கி வைத்த அடைப்பானைச் சுமந்து போகிறது. ‘கீழே இறக்குதல்’ என்ற கிரேக்க மூலமே இதற்குப் பொருந்தும். இன்று பரவலாக உள்ள அடைப்பான், நிட்டினால் கம்பிகளைப் பின்னிய வலை. நிக்கல், டைட்டானியம், அதை உருவாக்கிய அமெரிக்கக் கடற்படை ஆயுத ஆய்வுக்கூடம் ஆகியவற்றின் முதலெழுத்துகள் சேர்ந்ததே நிட்டினால். குழாயை விட்டு வெளிவந்ததும் வலை தன் பழைய உருவத்துக்கு விரியும். அதில் இரத்தம் உறைந்து வழி அடைபடும். சில மாதங்களில் அதன்மேல் திசு படரும்.

“அடைச்சிடலாம்மா” என்று டாக்டர் சொன்னால், மாரடைப்பை மட்டுமே அறிந்த பாட்டிமார் பதறுவார்கள். ‘மூடிடலாம்’ என்றால் பதற்றம் இராது. அங்கன்வாடிகளுக்குச் சோதனைக்கு வரும் மருத்துவக் குழுவினர், ஸ்டெதஸ்கோப்பில் இடைவிடாத இரைச்சல் கேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதும் சீட்டில், பி.டி.ஏ.வுக்குப் பக்கத்தில் ‘மூடாத நாளம்’ என்றும் எழுதட்டும். தாய்க்கு அதைப் படித்தும் காட்டட்டும்.