ஊசுட்டேரி: நெல்லுக்கு வெட்டிய ஏரி பறவைக்கு வீடான வரலாறு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையைத் தாண்டி மேற்கே சில கிலோமீட்டர் போனால் ஊசுட்டேரிக் கரை வந்துவிடும். லாரிகளின் இரைச்சலும் ஆலைச் சுவர்களும் பின்தங்கி, சட்டென்று வானம் அகலமாகும். தை மாதக் காலையில் கரைமேல் நின்றால் நீர்ப்பரப்பெங்கும் கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள் மிதப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் நெற்றியிலும் சுண்ணாம்பு தீற்றியதுபோல் வெள்ளை நாமம். மேலே பூனைப்பருந்தின் நிழல் ஓடினால் அத்தனையும் ஒன்றாக எழும். நாமக்கோழியால் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியாது. தண்ணீரைக் காலால் உதைத்துக்கொண்டு வெகுதூரம் ஓடிய பிறகே உடல் மேலே ஏறும். நூற்றுக்கணக்கான கால்கள் அப்படி நீரை அறையும் ஓசை, தொலைவிலிருந்து மழை நெருங்கி வருவதைப் போலவே கேட்கும்.

இந்த ஏரி நாமக்கோழிக்காக வெட்டப்பட்டதல்ல, நெல்லுக்காக வெட்டப்பட்டது. பாசனத்துக்கென்று மனிதர் கட்டிய கரை எப்படிப் பறவைச் சரணாலயத்தின் எல்லையாக மாறியது, அந்த மாற்றத்தில் எது காக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் தேங்கிநிற்கும் நீரைச் சுற்றிக் கோடு போட்டது. ஆனால் ஊசுட்டேரியின் வரலாறு முழுவதும் ஓடிவரும் நீரின் வரலாறு.

பெயரிலிருந்து தொடங்குவோம். ஊர் ஊசுடு. முரடு, காளையோடு சேரும்போது முரட்டுக்காளை ஆவதுபோல, ஊசுடு ஏரியோடு சேர்ந்து ஊசுட்டேரி ஆகிறது. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் ஒற்று இரட்டிக்கும் எளிய இலக்கணம்தான். பிரெஞ்சு ஆவணங்களும் பின்னர் ஆங்கில ஆவணங்களும் கேட்டபடி எழுதிவைத்ததில் அது ‘ஊஸ்டேரி’ ஆகி, இன்று பலகைகளிலும் அப்படியே நிற்கிறது. கரையோரத்து மக்கள் இன்றும் ஊசுட்டேரி என்றே சொல்கிறார்கள்.

புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு. அவற்றுள் பெரியது ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. ஊசுட்டேரியின் பரப்பு சுமார் 800 ஹெக்டேர், கொள்ளளவு ஏறத்தாழ 540 மில்லியன் கன அடி. ஆழம் குறைவு. பரந்து கிடப்பதுதான் இதன் இயல்பு. வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் விழும் மழை இதில் வடிகிறது. அது போதாதென்று, சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாகவும் நீர் வருகிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் இந்த ஆறு மழைக்காலத்தில் மட்டுமே பெருகும். பெருகும் அந்தச் சில வாரங்களுக்குள் நீரைத் திருப்பி ஏரியில் சேர்த்துவிட வேண்டும். ஏரிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயரே பத்துக்கண்ணு. நீர் போகும் கண்களை எண்ணி ஊருக்குப் பெயர் வைத்த மக்களுக்கு, நீரின் வழி எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

மேட்டுப்பாளையத்துக்கு அருகிலேயே இருக்கும் முத்திரையர்பாளையத்துக்கும் ஒரு நீர்க்கதை உண்டு. விளக்கு ஒளியில் மின்னிய ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்து விஜயநகர மன்னன் கைகூப்பினான். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னான். ஆயி தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது வழக்கு. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பொறியாளர் லமேரெஸ் முத்திரையர்பாளையத்து நீரைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தார். அதன் நினைவாக எழுந்த ஆயி மண்டபம் பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பட்டணத்தின் குடிநீருக்கு மண்டபம் எழுந்தது. நெல்வயலுக்குப் பாய்ந்த ஏரி நீருக்கு அப்படி எதுவும் எழவில்லை. மதகைத் திறந்தவர்கள், கரையில் மண் போட்டவர்கள், வாய்க்கால் தூர் வாரியவர்கள் பெயரில்லாமல் போனார்கள். ஈரநிலப் பாதுகாப்பு என்று இன்று நாம் சொல்லும் வேலையை ஆண்டுதோறும் செய்துவந்தவர்கள் அவர்கள்தான் என்பது என் கருத்து.

ஏரியின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்தது ஓர் எல்லைக்கோடு. 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைப்படி 1816இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தனர். திரும்பிவந்தது ஒரே நிலப்பரப்பு அல்ல. ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய துண்டுகள் அவை. வரைபடத்தில் பார்த்தால் கிழிந்த துணிபோல இருக்கும். அந்தக் கிழிசல்களில் ஒன்று ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பின் ஊடாகவே சென்றது. ஒரு பகுதி பிரெஞ்சு இந்தியாவில், மறுபகுதி பிரிட்டிஷ் இந்தியாவில். நீர் வடிந்துவரும் மேட்டு நிலத்தின் பெரும்பகுதி ஒருவர் கையில் இருக்க, பாசனம் பெறும் பள்ளத்து வயல்கள் மற்றவர் கையில் போயின.

கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. இரு பேரரசுகளும் போயின, ஆனால் அவை போட்ட கோடு மட்டும் போகவில்லை. அது யூனியன் பிரதேசத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான எல்லையாகிவிட்டது. இன்று ஏரியின் ஒரு பாதி புதுச்சேரியின் வில்லியனூர் கொம்யூனிலும் மறுபாதி விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்திலும் இருக்கிறது.

இதற்கிடையில் நீரைப் பற்றிய மனநிலை மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே புதுச்சேரியில் ஊற்றுக்கிணறுகள் தோண்டப்பட்டு, பூமிக்கடியிலிருந்து நீர் தானே பீறிட்டதைக் கண்டு மக்கள் வியந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் மின்மோட்டாரும் ஆழ்துளைக் கிணறும் வந்தபோது, மதகுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை குறைந்தது. தன் வயலில் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும் என்றானபின், வரத்து வாய்க்காலைத் தூர் வாரக் கூட்டாகப் போவானேன்? குடிமராமத்து தளர்ந்தது. அதே ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் ஊறுவதில் ஏரிக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ஏரிப் புனரமைப்புத் திட்டம் 84 ஏரிகளையும் கணக்கில் எடுத்து, ஏரிச் சங்கங்களை மீண்டும் அமைக்க முயன்றது. கரையை மட்டும் பாராமல் கரையைக் காக்கும் மனிதர்களையும் பார்த்த முயற்சி என்பதால் நான் அதை மதிக்கிறேன்.

ஏரியைச் சுற்றிய நிலமும் மாறியது. தொழிற்பேட்டைகள் எழுந்தன. மேட்டுப்பாளையம் அவற்றில் ஒன்று, சேதராப்பட்டு ஏரிக்கு இன்னும் நெருக்கமானது. மனைப்பிரிவுகளும் கல்லூரிகளும் கரையை நோக்கி நகர்ந்தன. விளிம்புச் சேற்றில் நெய்வேலிக் காட்டாமணக்கு வேர்விட்டது. ஊதாப் பூவோடு பார்க்க அழகாக இருக்கும் அதை ஆடுமாடு கடிக்காது. வெட்டிப்போட்ட தண்டு ஈரம் பட்டால் மறுபடி துளிர்க்கும். அது புதராக அடைத்துக்கொண்ட இடத்தில் உள்ளான் நடக்கச் சேறு கிடைக்காது, இலைக்கோழிக்கு மிதக்கும் இலையும் மிஞ்சாது.

ஏரியை ‘ஈரநிலம்’ என்ற புதிய பெயரில் பார்க்கும் பார்வை வெளியிலிருந்து வந்தது. 1971இல் ஈரான் நாட்டு ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கையில் இந்தியா 1982இல் சேர்ந்தது. நடுவண் அரசின் தேசிய ஈரநிலப் பாதுகாப்புத் திட்டத்தில் புதுச்சேரியிலிருந்து இடம்பெற்றது ஊசுட்டேரி. ஆசியாவின் முக்கிய ஈரநிலங்களுள் ஒன்றாக உலக அளவிலான இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் இதைக் குறித்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் நீரின் தன்மை, மீன்கள், களைகள் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதினார்கள். பறவை ஆர்வலர்கள் குளிர்காலம்தோறும் எண்ணிக் குறித்தார்கள். 2008 அக்டோபரில் புதுச்சேரி அரசு தன் பங்கிலுள்ள 390 ஹெக்டேரைச் சரணாலயமாக அறிவித்தது. யூனியன் பிரதேசத்தின் முதல் சரணாலயம் அது. பிறகு கோவையிலுள்ள சாலிம் அலி பறவையியல் மையம் ஏரிக்கு மேலாண்மைத் திட்டம் வகுத்துத் தந்தது. தமிழ்நாடு தன் பங்கில் சுமார் 332 ஹெக்டேரை 2015இல் சரணாலயமாக்கியது.

முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் இடையில் 7 ஆண்டுகள். ஒரு நாரை அந்தக் கோட்டைக் கடக்க எடுத்துக்கொள்வது சில நொடிகள்.

இங்கே வேடந்தாங்கலை நினைக்காமல் இருக்க முடியாது. அங்கே 1798இலேயே ஊர்மக்கள் பறவைகளைக் காக்கும் உரிமையை ஆங்கிலேய ஆட்சியரிடம் எழுதி வாங்கினார்கள். காரணம் கருணை மட்டுமல்ல. கூடுகட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகப் பாய்ந்தது. பறவையும் நெல்லும் ஒரே மதகு வழியாக இணைந்திருந்தன. ஊசுட்டேரிக்குப் பெரும்பாலும் வருபவை குளிர்கால விருந்தாளிகள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவை வடக்கிலிருந்து வந்து தங்கித் திரும்பும். கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் பெருங்கூட்டமாக ஊர் நினைவில் அவை பதியவில்லை. ஆகவே இங்கே பாதுகாப்புக் குரல் வயல்வெளியிலிருந்து எழாமல், ஆய்வுக்கூடத்திலிருந்தும் தொலைநோக்கி பிடித்த கைகளிலிருந்தும் எழுந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் குரல் எழாதிருந்தால் ஏரியின் விளிம்பு இன்று எங்கே இருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது. ஆனால் பாசனத்தையும் பறவையையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் அப்போதிருந்தே ஒட்டிக்கொண்டது.

சட்டத்திலும் அந்தப் பிளவு தெரிகிறது. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் கட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகின்றன. தமிழ்நாட்டின் ஏரி என்றாலே பாசனத்துக்குக் கட்டியதுதான். நம் ஈரநிலங்களில் பெரும்பகுதியை ஒரு வரியில் வெளியேற்றும் வரையறை இது. இதைத் திருத்த வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஊசுட்டேரிக்குச் சரணாலயச் சட்டம் தனிக் காப்பாக இருக்கிறது. மற்ற 83 ஏரிகளுக்கு அந்தக் காப்பு இல்லை.

மதகுக்கும் பறவைக்கும் என்ன தொடர்பு? ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது கூழைக்கடாவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆழத்தில் மீன் பிடிக்கும். மார்கழி, தையில் நீர் தெளிந்து நீர்ப்பாசிகள் தழைக்கும்போது நாமக்கோழிக்கும் வாத்துகளுக்கும் தீனி பெருகும். மதகு வழியாக நீர் வயலுக்கு இறங்க இறங்க, விளிம்பில் முழங்கால் ஆழ நீரும் பிறகு சேறும் வெளிப்படும். அப்போது நத்தைக்குத்தி நாரை வந்து இறங்கும். அதன் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். அந்த அலகால் நத்தையைப் பற்றி, ஓட்டுக்குள் நுனியைச் செலுத்தி, சதையை வெளியே இழுத்துவிடும். அரிவாள்மூக்கனும் மஞ்சள்மூக்கு நாரையும் அதே சேற்றைத் துழாவும். சில ஆண்டுகளில் பூநாரைகளும் வரும். ஆக ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு நீர்மட்டம். நீரைப் படிப்படியாக இறக்கி இத்தனை பேருக்கும் பந்தி வைத்தது உழவனின் பாசன முறைதான்.

இதனால்தான் ‘சீரமைப்பு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என்ன செய்யப்போகிறார்கள் என்று கூர்ந்து பார்க்கிறேன். ஏரியை ஒரே ஆழத்துக்குத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக உயர்த்தினால் கொள்ளளவு கூடும், சரிவான விளிம்பு போய்விடும். விளிம்பு போனால் சேறு போகும், சேற்றை நம்பிய பறவையும் போகும். நடைபாதையும் மின்விளக்கும் படகுச் சவாரியும் மக்களை ஏரிக்கு அழைத்துவரும் என்பது உண்மை. ஆனால் இரவில் தங்க வரும் பறவைக்கு இருள் வேண்டும், பகலில் அமைதி வேண்டும். செய்ய வேண்டியவை வேறு. சுத்துக்கேணி வாய்க்கால் நெடுகக் கழிவும் ஆக்கிரமிப்பும் இல்லாமல் நீர் வர வேண்டும். காட்டாமணக்கை வேரோடு எடுத்து உலர்த்த வேண்டும். தூர் வாருவதானால் ஆழமான பகுதியில் வாரி, அந்த மண்ணால் நடுவே திட்டுகள் அமைத்து நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட வேண்டும். மதகைத் திறக்கும் நாளை உழவரும் வனத்துறையும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அதுவும் இரு அரசுகளின் வனத்துறைகளும்.

ஒரே மாநிலத்துக்குள் இருந்தால் எவ்வளவு எளிது என்பதற்கு வடக்கே கழுவெளி சாட்சி. அதே விழுப்புரம் மாவட்டத்தில், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்த அந்த உவர்நீர்ச் சதுப்பு 2021 டிசம்பரில் 5,151.6 ஹெக்டேரில் சரணாலயமாகி, 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊசுட்டேரிக்கு இன்னும் அந்த இடம் கிடைக்கவில்லை. இரு அரசுகளும் சேர்ந்து ஒரே ஏரியாக முன்மொழிய வேண்டும் என்பதே என் விருப்பம்.

2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. நகரம் மிதந்தது. அந்த வெள்ளத்துக்கு எந்த எல்லைக்கோடும் தெரியவில்லை, செம்மண் மேட்டிலிருந்து இறங்கிய நீர் பழைய வழிகளையே தேடிப் போனது.

ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தொலைநோக்கியைக் கண்ணில் ஒட்டி, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு பூனைப்பருந்து வரும். மேற்கே மிதந்த ஊசிவால் வாத்துகள் எழுந்து, ஒரு வட்டம் போட்டு, கிழக்கே இறங்கும். எண்ணியவர் கையிலுள்ள தாளை அடித்துவிட்டு, முழு ஏரியையும் முதலிலிருந்து எண்ணத் தொடங்குவார்.