புளோரன்ஸ் நகர அருங்காட்சியகங்கள்: பார்வையாளருக்குக் கதவு திறந்த வரலாறு

இத்தாலியின் டஸ்கனி மாநிலத் தலைநகரான புளோரன்சை ஆர்னோ ஆறு இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. வடகரையில் உஃபிட்சி கலைக்கூடமும் தென்கரையில் பிட்டி அரண்மனையும் இருக்கின்றன. உஃபிட்சியிலிருந்து சில தெருக்கள் தள்ளி பார்ஜெல்லோ, இன்னும் வடக்கே அக்காதெமியா, அதற்கும் அப்பால் சான் மார்கோ மடம். எல்லாமே நடந்து போகிற தூரம்தான். மறுமலர்ச்சிக் காலத்து ஓவியமும் சிற்பமும் இத்தனை நெருக்கமாகக் குவிந்து கிடக்கும் ஊர்கள் உலகில் மிகக் குறைவு. கலைஞர்கள் இந்த ஊரில் வாழ்ந்தார்கள் என்பது மட்டும் இதற்குக் காரணமாகிவிடாது. படைப்புகளை ஊரைவிட்டு வெளியே போகவிடாமல் தடுத்தவர்களும், பூட்டிய அறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர்களும் இந்த வரலாற்றில் சரிபாதி இடத்துக்கு உரியவர்கள். இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

அலுவலகக் கட்டடத்தின் மேல்தளம்

உஃபிட்சி கலைக்கூடமாகக் கட்டப்பட்டதன்று. நகரில் அங்கங்கே சிதறிக் கிடந்த நிர்வாக அலுவலகங்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர விரும்பிய கோமகன் முதலாம் கோசிமோ தெ மெடிச்சி, 1560இல் அந்தப் பணியை ஜார்ஜோ வசாரியிடம் ஒப்படைத்தார். வசாரி ஓவியர், கட்டடக் கலைஞர், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து எழுதியவர். அலுவலகங்கள் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லே கட்டடத்தின் பெயராக நிலைத்துவிட்டது. வசாரியும் கோசிமோவும் ஒரே ஆண்டில், 1574இல் இறந்தனர். எஞ்சிய வேலையை பெர்னார்டோ புவொந்தலெந்தியும் அல்ஃபோன்சோ பரீஜியும் முடித்தார்கள்.

நடுவே 1565இல் வசாரி இன்னொரு வேலையையும் செய்து முடித்தார். கோசிமோவின் மகன் பிரான்செஸ்கோவுக்கும் ஆஸ்திரிய இளவரசி ஜோவன்னாவுக்கும் நடந்த திருமணத்தையொட்டி, ஆட்சி நடந்த பழைய அரண்மனையிலிருந்து உஃபிட்சி வழியாக ஆற்றைக் கடந்து பிட்டி அரண்மனைவரை செல்லும் மூடிய நடைபாதை ஒன்றை ஐந்தே மாதங்களில் எழுப்பினார். வசாரி நடைபாதை என்று அறியப்படும் அது பொந்தே வெக்கியோ பாலத்துக் கடைகளின் மேலாகச் செல்கிறது. தெருவில் கால் வைக்காமலே கோமகன் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் போய்வரலாம். பாலத்தில் அப்போது இருந்தவை இறைச்சிக் கடைகள். 1593இல் கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ அவற்றை அகற்றிப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார். நகைக்கடைகள் இன்றும் அங்கேயே இருக்கின்றன.

அலுவலகக் கட்டடத்தின் மேல்தளத்தில் சிலைகளையும் அரிய பொருள்களையும் 1581இல் அடுக்கத் தொடங்கியவர் பிரான்செஸ்கோ. 1584இல் அவருக்காக புவொந்தலெந்தி எண்கோண வடிவில் ‘திரிபுனா’ என்ற அறையைக் கட்டினார். குவிமாடத்தின் உட்புறம் முழுக்க ஆயிரக்கணக்கான சிப்பிகள் பதித்தது, சுவர்கள் செந்நிறம், தரை பல நிறச் சலவைக்கல். நீர், நெருப்பு, நிலம் என்று அறையே பூதங்களை உணர்த்தியது. காற்றுக்கு, கூரைமேல் சுழன்ற காற்றுத் திசைகாட்டி. மெடிச்சிக் குடும்பத்தின் மிக உயர்ந்த பொருள்களை ஓரிடத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பதற்காகவே அமைத்த அறை இது. பிற்காலத்து அருங்காட்சியகங்களின் கருத்தளவிலான தொடக்கம் இங்கேதான் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

பார்க்க வந்தவர்கள் அரசவையின் விருந்தினர், தூதர், அறிஞர், அனுமதி கேட்டுப் பெற்ற பயணிகள். 1591இல் பிரான்செஸ்கோ போக்கி வெளியிட்ட நகர வழிகாட்டி நூல் இந்தக் கூடத்தையும் விவரிக்கிறது. வெளியூர்க்காரர்கள் அப்போதே இங்கே வந்துபோனார்கள் என்பதற்கு அதுவே சான்று.

அதன்பின் சேகரிப்பு பெருகியது. கரவாஜ்ஜோ கேடயத்தின்மேல் தீட்டிய மெதூசா, ரோமிலிருந்து ஒரு கர்தினால் அனுப்பிய பரிசாக வந்தது. ஊர்பீனோ கோமரபின் கடைசி வாரிசான விட்டோரியா தெல்லா ரோவெரே மெடிச்சிக் குடும்பத்தில் மணம் முடித்தபோது, டிசியனின் ‘ஊர்பீனோவின் வீனஸ்’ உள்ளிட்ட ஓவியங்கள் அவருடைய சொத்தாகக் கூடவே வந்தன. கர்தினால் லெயோபோல்டோ ஓவியர்கள் தம்மைத் தாமே வரைந்த உருவப்படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். பழங்காலச் சலவைக்கல் சிலையான மெடிச்சி வீனஸ் 1677இல் ரோமிலிருந்து கொண்டுவரப்பட்டுத் திரிபுனாவில் இடம்பெற்றது.

1737

ஊர்பீனோவின் செல்வம் புளோரன்சுக்கு வந்த வழியே புளோரன்சுக்கு ஓர் எச்சரிக்கை. வாரிசு இல்லாமல் ஓர் அரசகுடும்பம் அற்றுப்போனால் அதன் கலைச்செல்வமும் ஊரைவிட்டுப் போய்விடும். மாந்துவாவின் கோன்சாகா சேகரிப்பில் பெரும்பகுதியை இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் 1620களின் இறுதியில் வாங்கிக்கொண்டார். பார்மாவின் ஃபர்னேசே சேகரிப்பு 1730களில் நேப்பிள்சுக்குப் போனது. மோதெனாவின் சிறந்த ஓவியங்கள் நூறு 1740களில் டிரெஸ்டனுக்கு விற்கப்பட்டன.

மெடிச்சி மரபின் கடைசிக் கோமகன் ஜான் கஸ்தோனே 1737 ஜூலையில் பிள்ளையின்றி இறந்தார். டஸ்கனி லொரேன் பிரபு பிரான்சிசுக்குப் போக வேண்டும் என்று ஐரோப்பிய வல்லரசுகள் முன்பே முடிவு செய்திருந்தன. எஞ்சியிருந்தவர் ஜான் கஸ்தோனேயின் அக்கா அன்னா மரியா லுயீசா. ஜெர்மானிய ஆட்சியாளர் ஒருவரை மணந்து, கணவர் இறந்தபின் பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தவர். அவருக்குப் படை இல்லை, ஆட்சி இல்லை. குடும்பச் சொத்தின்மேல் உரிமை மட்டும் இருந்தது. 1737 அக்டோபர் 31 அன்று புதிய ஆட்சியாளருடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் ‘குடும்ப உடன்படிக்கை’ எனப்படுகிறது. ஓவியம், சிலை, நூலகம், நகை என மெடிச்சிகளின் சேகரிப்பு முழுவதையும் ஆட்சிக்கு அளிப்பதாகவும், எதையும் தலைநகரையும் நாட்டையும் விட்டு வெளியே எடுத்துச் செல்லக்கூடாது என்றும் அதில் எழுதச் செய்தார். காரணத்தையும் அவரே குறிப்பிட்டார். இவை நாட்டுக்கு அணியாகவும் மக்களுக்குப் பயனாகவும் அயலவரை ஈர்ப்பனவாகவும் இருக்க வேண்டும்.

மக்களுக்கென ஒரு கலைக்கூடம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் இன்னும் பரவாத காலம் அது. போப்பாண்டவர்களையும் பிரெஞ்சு அரசிகளையும் தந்த குடும்பம் மெடிச்சி. ஆயினும் அக்குடும்பம் செய்தவற்றுள் தலையாயது அதன் கடைசிப் பெண் போட்ட இந்தக் கையெழுத்துதான். அன்னா மரியா லுயீசா 1743 பிப்ரவரி 18 அன்று இறந்தார். அந்த நாளில் நகரம் ஆண்டுதோறும் அவரை நினைவுகூர்கிறது.

பொதுமக்களும் இங்கிலாந்துப் பயணிகளும்

1769இல் கோமகன் பியெத்ரோ லெயோபோல்டோ உஃபிட்சியைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். பாரிசில் லூவ்ர் திறப்பதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. திறந்ததோடு அவர் நிற்கவில்லை. எல்லாம் கலந்து கிடந்த கூடத்தைப் பிரித்தார். அறிவியல் கருவிகள், 1775இல் அவர் திறந்த இயற்பியல், இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. கண்காணிப்பாளர் ஜுசெப்பே பெல்லி பென்சிவென்னியும் அறிஞர் லூயிஜி லான்சியும் 1780 முதல் ஓவியங்களை மரபுவாரியாக வகுத்து அடுக்கினார்கள். ஆள்வோரின் பெருமையைக் காட்டிய அறைகள், ஓவியக்கலை எப்படி வளர்ந்தது என்று பார்வையாளர் தாமே கற்றுக்கொள்ளும் அறைகளாக மாறின. புதிய படிக்கட்டும் முன்கூடமும் தனி நுழைவாயிலாக அமைந்தன.

அந்தக் காலத்துப் பார்வையாளர்களைக் கண்முன் நிறுத்தும் ஓவியம் ஒன்று உண்டு. இங்கிலாந்து அரசி ஷார்லட்டுக்காக யோகான் சொஃபனி 1772க்கும் 1777க்கும் இடையே தீட்டிய ‘உஃபிட்சியின் திரிபுனா’. இங்கிலாந்துப் பயணிகளும் தூதரும் கும்பல் கும்பலாக நின்று பார்க்கிறார்கள், கை நீட்டி விவாதிக்கிறார்கள். சுவரிலிருந்து இறக்கி வைத்த டிசியனின் வீனஸைச் சூழ்ந்து ஒரு கூட்டம். வலப்புறம் மெடிச்சி வீனஸைப் பின்பக்கமிருந்து உற்றுப் பார்க்கிறது இன்னொரு கூட்டம். பார்ப்பது என்பது அன்று நேரம் எடுத்துச் செய்த செயல். பேச்சும் வாதமும் அதில் அடக்கம்.

அவர்கள் தேடி வந்தது பெரும்பாலும் பழங்காலச் சிலைகளையே. மெடிச்சி வீனஸின் புகழ் அவ்வளவு பெரியது. நெப்போலியன் அதைப் பாரிசுக்குக் கொண்டுபோக, அவர் வீழ்ந்த பிறகே அது ஊர் திரும்பியது. இன்று உஃபிட்சியின் அடையாளமாகிவிட்ட போட்டிச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ 1815இல்தான் இங்கே வந்து சேர்ந்தது. வந்தபின்னும் வெகுகாலம் அதைத் தேடி யாரும் வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்து ஓவியர்களும், 1870இல் கட்டுரை எழுதிய வால்டர் பேட்டரைப் போன்றவர்களும் போட்டிச்செல்லியைக் கொண்டாடத் தொடங்கிய பிறகே கூட்டம் திசை மாறியது. இன்று நாம் அவசியம் பார்க்க வேண்டியவை என்று நினைப்பவற்றை எவ்வளவு தூரம் நமக்கு முன்னால் பார்த்தவர்களே தீர்மானித்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1865 முதல் 1871 வரை புளோரன்ஸ் இத்தாலியின் தலைநகராக இருந்தது. அந்தக் காலத்தையொட்டியே இன்றைய அருங்காட்சியகங்கள் பல உருவாயின. சிறைச்சாலையாக இருந்த பார்ஜெல்லோ 1865இல் தேசிய அருங்காட்சியகமாகி, மறுமலர்ச்சிச் சிற்பங்களின் இல்லமானது. டொனாடெல்லோவின் வெண்கல டேவிட் இப்போது அங்கேதான் இருக்கிறது. ஃப்ரா ஆஞ்சலிகோ துறவிகளின் அறைச் சுவர்களில் தீட்டிய ஓவியங்களோடு சான் மார்கோ மடம் 1869இல் அருங்காட்சியகமானது. மூன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் திறந்த வெளியில் நின்ற மைக்கேலாஞ்சலோவின் டேவிட் 1873இல் அக்காதெமியாவுக்கு மாறியது. அது முன்பு நின்ற சதுக்கத்தில் இன்று நிற்பது 1910இல் வைத்த நகல். அருங்காட்சியகங்களுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கும் சட்டம் 1875இல் வந்தது. ரயிலும் பேடெக்கர் வழிகாட்டியும் நடுத்தரக் குடும்பங்களை இங்கே கொண்டுவந்தன. அந்தப் புத்தகம் கையில் இல்லாமல் ஒரு தேவாலயத்துக்குள் தடுமாறும் பெண்ணை இ. எம். ஃபார்ஸ்டர் 1908இல் வெளியான தம் நாவலில் காட்டியிருக்கிறார்.

பிரெஞ்சு எழுத்தாளர் ஸ்டெந்தால் 1817இல் சாந்தா குரோசே தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது நெஞ்சு படபடத்து, கீழே விழுந்துவிடுவோமோ என்று அஞ்சியதாக எழுதினார். புளோரன்ஸ் மருத்துவர் கிராசியெல்லா மகெரீனி, கலைப் படைப்புகளின் முன்னால் நிலைகுலைந்துபோன பயணிகளைக் கவனித்து, 1979இல் அந்நிலைக்கு ஸ்டெந்தாலின் பெயரைச் சூட்டினார்.

இழப்பின் நூற்றாண்டு

லூவ்ரிலிருந்து 1911இல் திருடுபோன மோனா லிசா 1913 டிசம்பரில் அகப்பட்டது புளோரன்சில்தான். திருடியவர் ஒரு கலைப்பொருள் வணிகரிடம் விற்க வந்தபோது, அது உண்மையானதே என்று உறுதிசெய்தவர் உஃபிட்சி இயக்குநர் ஜொவன்னி போஜ்ஜி. பிரான்சுக்குத் திரும்புமுன் ஓவியம் உஃபிட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் ஓவியங்கள் டஸ்கனியின் கோட்டைகளிலும் மாளிகைகளிலும் ஒளித்து வைக்கப்பட்டன. 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை பொந்தே வெக்கியோ ஒன்றைத் தவிர நகரின் பாலங்கள் எல்லாவற்றையும் தகர்த்தது. ஒளித்துவைத்தவற்றில் பலவற்றை அப்படை வடக்கு எல்லைவரை எடுத்துச் சென்றிருந்தது. அவை 1945இல் ரயிலேறி ஊர் திரும்பின.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ கரைபுரண்டது. சேறும் எண்ணெயும் கலந்த வெள்ளம் தேவாலயங்களிலும் நூலகங்களிலும் புகுந்தது. உஃபிட்சியின் கீழ்த்தளத்தில் பழுதுபார்க்க வைத்திருந்த ஓவியங்களை ஊழியர்கள் தூக்கி மேலே ஏற்றினார்கள். சாந்தா குரோசேயில் சீமாபுவேயின் சிலுவை ஓவியம் வண்ணத்தில் பாதிக்கும் மேல் இழந்தது. பல நாடுகளிலிருந்து இளைஞர்கள் வந்து, முழங்கால் சேற்றில் நின்று நூல்களையும் படங்களையும் கைமாற்றிக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். ஊரார் அவர்களைச் சேற்றுத் தேவதைகள் என்று அழைத்தார்கள். வசாரியின் ‘இறுதி இராவுணவு’ செப்பனிடப்பட்டு மீண்டும் சுவரேற ஐம்பது ஆண்டுகள் ஆயின.

1993 மே 27 நள்ளிரவுக்குப் பின், உஃபிட்சியை ஒட்டிய ஜோர்ஜொஃபிலி தெருவில் மாஃபியா கும்பல் வைத்த கார் குண்டு வெடித்தது. இரண்டு பெண் குழந்தைகள் உட்பட ஐந்து பேர் இறந்தனர். மூன்று ஓவியங்கள் மீட்க முடியாதபடி அழிந்தன, பல சேதமடைந்தன. அந்தத் தெருவழியே நடப்பவர்கள் அந்த ஐந்து பேருக்காக ஒரு கணம் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

கூட்டத்தின் காலம்

2014ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி உஃபிட்சி, பிட்டி அரண்மனை, போபோலி தோட்டம் மூன்றும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. 2023இல் அவற்றுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை 50 இலட்சத்தைத் தாண்டியது. 2018 முதல் பருவத்துக்கேற்பக் கட்டணம் மாறுகிறது. அதே ஆண்டு, காத்திருக்கும் நேரத்தைக் கணித்து வரிசையையே ஒழிக்கும் கணினி முறை ஒன்றும் சோதித்துப் பார்க்கப்பட்டது. 2016இல் மூடிய வசாரி நடைபாதை, 2024 டிசம்பரில் பொதுப் பயணிகளுக்குத் திறந்தது. கோமகன் மட்டும் நடந்த வழியில் இன்று சீட்டு வாங்கிய யாரும் நடக்கலாம்.

ஆனால் கதவு திறப்பது ஒன்று, பார்க்கக் கிடைப்பது வேறு. போட்டிச்செல்லி அறையில் பலர் படத்துக்கு முதுகைக் காட்டித் தம்மைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த அறைக்கு நகர்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. நெரிசலில் நிற்க இடமே இருப்பதில்லை. அதே நேரத்தில் பார்ஜெல்லோவில் டொனாடெல்லோவைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்க முடிகிறது. சான் மார்கோவில் படியேறியதும் எதிர்ச்சுவரில் தெரியும் ஃப்ரா ஆஞ்சலிகோவின் ‘மங்கள வார்த்தை’ ஓவியம், வரையப்பட்ட அதே இடத்தில் இருக்கிறது. ஒரு நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயல்பவருக்கு எதுவும் மனத்தில் தங்காது. உஃபிட்சியில் ஐந்தாறு அறைகளை முன்பே தேர்ந்துகொண்டு அவற்றில் மட்டும் நின்று பாருங்கள். மறுநாளைச் சிறிய இடங்களுக்கு ஒதுக்குங்கள். உஃபிட்சிக்கும் அக்காதெமியாவுக்கும் முன்பதிவு செய்துகொள்வது நல்லது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை, ஆனால் கூட்டம் மிகுதி. உஃபிட்சி, அக்காதெமியா, பிட்டி அரண்மனை மூன்றும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும்.